வாசகர் கேள்வி பதில்: பின்வரிசை ஹார்னிலிருந்து போடியம் வரை

மேடையின் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஹார்ன், ட்ரம்பெட், ட்ராம்போன் ஊதுகிறவர்கள் போடியம் என்ற சிறு மேடையில் நின்று ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் ஆவது பற்றியும், அதன்பின் அந்த வித்தையைச் சொல்லிக்கொடுப்பது பற்றியும் வந்த கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: என் மகள் பள்ளி பேண்டில் மூன்று வருடமாக பிரெஞ்சு ஹார்ன் வாசிக்கிறாள். கண்டக்டர் ஆகப்போகிறேன் என்கிறாள். பியானோவோ வயலினோ தெரிந்தவர்கள்தானே கண்டக்டர் ஆக முடியும்?
— வாசகி, சிங்கப்பூர்

தாராளமாக ஆகலாம். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் 'ரிங்' ஓபராக்கள் (இசை நாடகங்கள்) நான்கையும் 1876-இல் பாய்ராய்ட் நகரில் முதன்முறையாக முழுத் தொடராக நடத்திய ஹான்ஸ் ரிக்டர், அடிப்படையில் ஹார்ன்காரர். 1862-இலிருந்து நான்கு வருடம் வியன்னாவின் கேர்ன்ட்னர்டோர் தியேட்டரில் ஹார்ன் ஊதிச் சம்பளம் வாங்கியவர். பிறகு சுவிட்சர்லாந்தில் வாக்னர் வீட்டிலேயே தங்கி, 'மைஸ்டர்ஸிங்கர்' ஓபராவின் ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியங்களின் வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் இசைத்தாளை, வரி வரியாக நகலெடுத்தார். எந்த வாத்தியம் எங்கே மூச்சு வாங்குகிறது, எது எதற்கு ஒத்து ஊதுகிறது என்பதெல்லாம் எழுதி எழுதியே அவருக்குள் இறங்கியது. 1870 கிறிஸ்துமஸ் காலையில் அந்த வீட்டு மாடிப்படியில் ஒரு சிறு குழு முதன்முதலாக வாசித்த 'ஸீக்ஃபிரீட் இடில்' படைப்பில், வெறும் 13 பார் (தாளக் கட்டம்) மட்டும் வரும் ட்ரம்பெட் பகுதியை ஊதியதும் அவர்தான்.

நம் காலத்துக்கு வந்தால், எஸா-பெக்கா ஸாலொனன். ஹெல்சிங்கியின் சிபேலியஸ் அகாடமியில் ஹார்ன் படித்தவர். 1983-இல் லண்டன் ஃபில்ஹார்மோனியாவுக்கு வரவேண்டிய கண்டக்டர் வர முடியாமல் போக, 25 வயதில், சில நாள் அவகாசத்தில் மாலரின் மூன்றாம் சிம்பொனியை ஏற்று நடத்தினார். ஆறு பகுதிகள், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படைப்பு. எட்டு ஹார்ன்கள் ஒரே ஸ்வரவரிசையைச் சேர்ந்து முழங்குவதுதான் அதன் தொடக்கம். முதல் வீச்சு எப்படி இருந்தால் அந்த எட்டுப் பேரும் பிசிறில்லாமல் நுழைவார்கள் என்பது ஹார்ன் ஊதியவருக்கு உடம்பிலேயே தெரியும். 1992 முதல் 2009 வரை லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக்கை நடத்திய அவர், அதே ஊரின் கோல்பர்ன் இசைப்பள்ளியில் இளம் கண்டக்டர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் செய்கிறார்.

உங்கள் மகளுக்கு இப்போதே கிடைத்துக்கொண்டிருக்கும் பயிற்சி ஒன்று உண்டு. சிம்பொனியில் ஹார்ன்காரர் ஊதும் நேரத்தைவிட எண்ணிக்கொண்டு சும்மா இருக்கும் நேரம் பல இடங்களில் அதிகம். அந்த நேரத்தில் வெறும் எண்ணை எண்ணாமல், 'ஓபோ முடிந்தது, வியோலா தொடங்கிவிட்டது, இன்னும் எட்டு பார்' என்று காதால் எண்ணச் சொல்லுங்கள். கண்டக்டருக்கு வேண்டிய காது அதுவேதான். கூடவே பியானோவை இன்றே தொடங்கட்டும். கச்சேரி வாசிக்கும் அளவு வேண்டாம், கிரேடு 5 அல்லது 6 தரத்தில் நான்கு குரல்களை ஒரே சமயத்தில் விரலில் கொண்டுவர முடிந்தால் போதும். ஹார்ன் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் தரும். ஹார்மனியை அது கையில் பிடித்துக் காட்டாது.

கேள்வி: சர்ச் பேண்டில் ட்ரம்பெட் ஊதுகிறேன். ஆர்கெஸ்ட்ரா ஸ்கோரை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் வேறு வேறு சுருதியில் எழுதியிருக்கிறது. இதை எப்படிப் படிப்பது?
— வாசகர், பாளையங்கோட்டை

நம் ஊர்க் கட்டைக் கணக்கு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பாடகர் எத்தனை கட்டையில் பாடினாலும் 'ச' என்பது 'ச'தான். ஹார்ன், ட்ரம்பெட், கிளாரினெட் வரிகளில் எழுதியிருக்கும் மேற்கத்திய ஸ்வரமான 'சி'யை அந்த வாத்தியத்தின் 'ச' என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃப் ஹார்ன் நாலு கட்டை வாத்தியம், பி-ஃபிளாட் ட்ரம்பெட் ஆறரைக் கட்டை வாத்தியம். ஏ கிளாரினெட் ஆறு கட்டை. இனி கவனிக்க வேண்டியது மேலே போகிறதா, கீழே போகிறதா என்பது மட்டும். எஃப் ஹார்ன், எழுதிய ஸ்வரத்தையும் சேர்த்து எண்ணினால், ஐந்தாம் ஸ்வரம் கீழே ஒலிக்கும். பி-ஃபிளாட் ட்ரம்பெட் ஒரு முழு ஸ்வரம் கீழே. ஆனால் எஃப் ட்ரம்பெட் என்று எழுதியிருந்தால் அதே எண்ணிக்கையில் நான்காம் ஸ்வரம் மேலே. ஹார்னும் ட்ரம்பெட்டும் எஃப் என்றே எழுதியிருந்தாலும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

வால்வு வராத காலத்தில் ஹார்ன்காரர்கள் பாட்டின் சுருதிக்கு ஏற்பக் குழாய்த்துண்டை மாற்றிப் பொருத்திக்கொண்டார்கள். அதனால்தான் மொசார்ட், பேட்டோவன் ஸ்கோர்களில் டி ஹார்ன், ஈ-ஃபிளாட் ஹார்ன், சி ஹார்ன் என்று பலவகை. இன்றைய எஃப் ஹார்ன்காரர் ஈ-ஃபிளாட் என்று கண்டால் ஒரு ஸ்வரம் இறக்கி, டி என்று கண்டால் ஒன்றரை ஸ்வரம் இறக்கி, சி என்று கண்டால் நான்காம் ஸ்வரத்துக்கு இறக்கி, பார்த்தமாத்திரத்தில் ஊதுகிறார். ஜெர்மன் பதிப்பில் 'ஹெச்' என்று இருந்தால் அது சுத்தமான பி. 'பி' என்று மட்டும் இருந்தால் பி-ஃபிளாட்.

பயிற்சியை இந்த வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஹைடனின் தந்தி வாத்திய நால்வர் குவார்டெட் ஒன்று: நான்கு வரி, சுருதி மாற்றிப் படிக்கும் வேலை (ட்ரான்ஸ்பொசிஷன்) கிடையாது, ஆனால் வியோலாவுக்கான ஆல்டோ கிளெஃப் என்ற ஸ்வரக்குறி பழகிவிடும். அடுத்து மொசார்ட்டின் 29-ஆம் சிம்பொனி: இரண்டு ஓபோ, இரண்டு ஹார்ன், தந்தி வாத்தியங்கள், அவ்வளவுதான். பியானோவில் தினம் 15 நிமிடம். முதல் வாரம் ஹார்ன் வரியும் பேஸ் வரியும் மட்டும். இரண்டாம் வாரம் வியோலாவைச் சேருங்கள். மெதுவாக வாசித்தாலும் நிற்காமல் போவது முக்கியம். பேட்டோவனின் முதல் சிம்பொனிக்கு மூன்று மாதம் கழித்துப் போனால் போதும். பழைய ஸ்கோர்கள் ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற இணைய இசைநூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

கேள்வி: கண்டக்டர் கோல் எத்தனை நீளம் இருக்க வேண்டும்?
— வாசகர், ஈரோடு

பொதுவாக 30 முதல் 40 செ.மீ. பிடிக் குமிழ் உள்ளங்கையில் உட்கார வேண்டும். விரலில் சமநிலைப்படுத்திப் பார்த்தால் எடை முழுவதும் குமிழ் பக்கமே நிற்கவேண்டும். நுனி கனத்தால் இரண்டு மணி நேர ஒத்திகையில் மணிக்கட்டு வலிக்கும்.

கேள்வி: லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி 2025 மார்ச்சில் அரங்கேறியதிலிருந்து கண்டக்டரின் கையையே பார்க்கிறேன். நாலு பக்கம் கோலை ஆட்டுவதில் அப்படி என்ன வித்தை? கோல் இறங்கிய பிறகுதான் சத்தம் வருவதுபோலத் தெரிகிறதே?
— வாசகர், கோயம்புத்தூர்

நீங்கள் கவனித்தது சரிதான். கோலின் வேலை சத்தம் வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. முதல் பீட்டுக்கு (தாள அடிக்கு) முன் கை மேலே எழும் அந்த ஒரு அசைவில் வேகம், பலம், குணம் மூன்றும் அடங்கியிருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஊதுகிறவர்கள் மூச்சிழுக்கிறார்கள், வயலின்காரர்கள் வில்லைத் தந்தியில் வைக்கிறார்கள்.

பேட்டோவனின் ஐந்தாம் சிம்பொனித் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் அறிந்த அந்த மூன்று குட்டை ஒரு நெட்டை. பாரின் முதல் கால் பங்கு மௌனம், அதன்பின்தான் மூன்று ஸ்வரம். பேட்டோவன் குறித்த வேகம் நிமிடத்துக்கு 108 பார். அப்படியானால் ஒரு பார் முக்கால் விநாடிகூட இல்லை, சுமார் 0.56 விநாடி. ஒரு குட்டை ஸ்வரம் 0.14 விநாடி. பயத்தில் கண்டக்டர் 'ஒன்று, இரண்டு' என்று இரண்டு முறை ஆட்டிவிட்டால் பாதிப்பேர் முதல் ஆட்டத்துக்கே நுழைந்துவிடுவார்கள். ஒரே ஒரு தயாரிப்பு வீச்சு, அதே வேகத்தில் ஒரு மூச்சு, கோல் கீழே தொட்டவுடன் துள்ளி எழ வேண்டும். மூன்று ஸ்வரமும் அந்தத் துள்ளலிலிருந்து பிறக்கும்.

இங்கே பித்தளைக்காரருக்கு, அதாவது ஹார்ன், ட்ரம்பெட், ட்ராம்போன் ஊதுகிறவருக்கு, தெரிந்த இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். கண்டக்டரிலிருந்து 12 மீட்டர் தள்ளி உட்காரும் ட்ராம்போனின் சத்தம் அவர் காதுக்கு வர 0.035 விநாடி ஆகும். மேலே சொன்ன குட்டை ஸ்வரத்தில் கால் பங்கு. ஹார்னுக்கு நிலைமை இன்னும் சிக்கல்: அதன் வாய் பின்பக்கம் பார்த்திருக்கிறது, சத்தம் பின்சுவரில் பட்டுத்தான் முன்னால் வருகிறது. ஆகவே பின்வரிசைக்காரர்கள் காதில் விழும் வயலினோடு சேர்ந்து ஊதினால் தாமதம்தான். கோலைப் பார்த்து ஒரு மயிரிழை முன்னால் ஊத வேண்டும். அங்கே பத்து வருடம் உட்கார்ந்தவர் போடியத்தில் ஏறியதும் 'பித்தளை தாமதம்' என்று வெறுமனே கத்தமாட்டார். 'செல்லோவைக் கேட்காதீர்கள், என் கையைப் பாருங்கள்' என்று காரணத்தோடு சொல்வார். ஒத்திகையில் அந்த ஒரு வாக்கியம் கால் மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

கேள்வி: பித்தளை வாத்தியத்திலிருந்து வரும் கண்டக்டர்களுக்கே உரிய குறைகள் என்னென்ன?
— இசை மாணவர், சென்னை

முதல் குறை வில். ஹார்ன்காரர் ஸ்வரக்கோவையை மூச்சால் பிரிக்கிறார், வயலின்காரர் வில் இறங்குவதாலும் ஏறுவதாலும் பிரிக்கிறார். 'இன்னும் நீளமாக' என்று போடியத்திலிருந்து சொன்னால் முதல் வயலின்காரர் வில்லை எங்கே மாற்றுவது என்று திருப்பிக் கேட்பார். அப்போது திருதிருவென்று விழித்தால் மரியாதை அன்றோடு போயிற்று. ஆறு மாதம் ஒரு வியோலாவை வாடகைக்கு எடுத்து, தந்தி ஆசிரியரிடம் வாரம் ஒரு வகுப்பு போவதே இதற்கு மருந்து. நன்றாக வாசிக்க வராது, பரவாயில்லை. வில்லின் அடிப்பகுதியில் கனமும் நுனியில் மென்மையும் வருவது ஏன் என்று கை அறிந்தால் போதும். வில் குறிகளைப் பற்றிய கடைசிச் சொல்லை கான்சர்ட்மாஸ்டரிடம் (முதல் வயலின் வரிசையின் தலைவரிடம்) விடுங்கள். முதல் ஒத்திகைக்கு முன்பே அவரோடு உட்கார்ந்து பேசி, பகுதித் தாள்களில் பென்சிலால் குறித்துவிடுங்கள்.

இரண்டாவது, சத்தம். முன்னாள் ட்ராம்போன்காரருக்கு ட்ராம்போன் சத்தம் வீட்டுச் சாப்பாடு மாதிரி, அதிகமாகத் தெரியாது. ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இளம் கண்டக்டர்களுக்கு எழுதிவைத்த பத்து விதிகளில், முக்கியமான நுழைவுக்கு ஒரு சிறு பார்வை தவிர பித்தளை வரிசையை ஊக்கப்படுத்தும்படி பார்க்கவே வேண்டாம் என்று ஒன்று உண்டு. அவருடைய அப்பா ஃபிரான்ஸ் ஸ்ட்ராஸே மியூனிக் அரசவை ஓபராவின் முதல் ஹார்ன்காரர், ஆகவே விவரம் தெரிந்துதான் எழுதியிருக்கிறார். ஒத்திகையில் ஒரு முறையாவது உதவியாளரிடம் கோலைக் கொடுத்துவிட்டு அரங்கின் நடுவில் போய் நின்று கேளுங்கள். போடியத்தில் கேட்பதற்கும் அங்கே கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் அதிர்ச்சியாக இருக்கும்.

மூன்றாவது, தோள். ஊதுகிற பழக்கத்தில் ஒவ்வொரு தயாரிப்பு வீச்சிலும் தோளைத் தூக்கி மூச்சிழுப்பது. அதைப் பார்க்கும் ஓபோக்காரருக்கும் கழுத்து இறுகும். மூச்சு விலாவில் விரியட்டும், தோள் அசைய வேண்டாம். பின்லாந்தின் யோர்மா பானுலா தன் மாணவர்கள் நிஜ ஆர்கெஸ்ட்ராவை நடத்துவதை வீடியோ எடுத்து, அதைப் போட்டுக் காட்டித் திருத்தினார். ஸாலொனன் அந்தப் பட்டறையில் உருவானவர். இன்று கையில் இருக்கும் செல்போன் போதும். பின்வரிசை நாற்காலி ஒன்றில் வைத்து உங்கள் முகம் தெரியும்படி எடுங்கள். முதுகுப் பக்கத்திலிருந்து எடுத்தால் ஒன்றும் புரியாது.

பலம் இருக்கும் இடத்தையும் சொல்லவேண்டும். அதே ஐந்தாம் சிம்பொனியில், 59-ஆம் பாரில் இரண்டாம் கருப்பொருளை ஈ-ஃபிளாட் ஹார்ன்கள் முழங்கி அறிவிக்கின்றன. அதே முழக்கம் பின்னால் சி சுருதியில் திரும்ப வரும்போது பேட்டோவன் அதை பஸ்ஸூனுக்குக் கொடுத்துவிட்டார், ஏனென்றால் வால்வு இல்லாத ஈ-ஃபிளாட் ஹார்னில் அந்த ஸ்வரங்கள் நேராகக் கிடைக்காது. இன்று வால்வு இருக்கிறது. ஹார்னுக்கே திருப்பித் தருவதா, பஸ்ஸூனிலேயே விடுவதா என்று ஒவ்வொரு கண்டக்டரும் முடிவெடுக்க வேண்டும். பஸ்ஸூனிலேயே விடுவதுதான் எங்களுக்குச் சரியாகப் படுகிறது: கருப்பொருள் ஊருக்குத் திரும்பி வரும்போது குரல் மாறியிருப்பதில் ஒரு அழகு இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் காரணம் தெரிந்து போவதற்கு ஹார்ன் குழாயின் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: ஆர்கெஸ்ட்ராவில் நிரந்தர வேலை கிடைத்த ட்ரம்பெட் கலைஞர் எப்போது வேலையை விடலாம்? முதல் கண்டக்டர் வாய்ப்பு எங்கிருந்து வரும்?
— வாசகர், கொழும்பு

அவசரப்பட்டு விடவேண்டாம். ஜெரார்ட் ஷ்வார்ஸ் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் முதன்மை ட்ரம்பெட் நாற்காலியை 1977-இல் விட்டார். சியாட்டில் சிம்பொனியின் தலைமை 1985-இல் வந்தது, 2011 வரை இருந்தார். ஆஸ்திரேலியாவின் பாரி டக்வெல் 1968-இல் லண்டன் சிம்பொனியிலிருந்து விலகினாலும் ஹார்னை விடவில்லை. தனிக் கலைஞராக ஊதிக்கொண்டேதான் 1982-இல் அமெரிக்காவின் மேரிலாண்ட் சிம்பொனிக்கு முதல் கண்டக்டரானார். சிகாகோவின் டேல் கிளெவெஞ்சர் 1966 முதல் 2013 வரை முதன்மை ஹார்ன் நாற்காலியிலேயே இருந்தார். ஊதவும் கற்பிக்கவும் செய்துகொண்டே, பக்கத்து எல்ம்ஹர்ஸ்ட் ஊர் ஆர்கெஸ்ட்ராவை 14 வருடம் நடத்தினார். வெனிசுவேலாவின் ரஃபாயெல் பயாரே சிமோன் பொலிவார் ஆர்கெஸ்ட்ராவில் ஹார்ன் ஊதிக்கொண்டே 2004-இல் கண்டக்டிங் கற்கத் தொடங்கி, 2012-இல் கோபன்ஹேகனில் கண்டக்டர்களுக்காக நடக்கும் மால்கோ போட்டியில் வென்றார். அங்கிருந்து அல்ஸ்டர், சான் டியாகோ, மாண்ட்ரியால் ஆர்கெஸ்ட்ராக்கள் என்று போனது அவர் பாதை.

முதல் வாய்ப்பு பெரும்பாலும் சக கலைஞர்களிடமிருந்துதான் வரும். பத்துப் பதின்மூன்று பேர் கொண்ட ஊதுவாத்தியக் குழுவைச் சேர்த்து மொசார்ட் செரனேட் ஒன்றை நடத்துங்கள். எல்லோரும் நண்பர்கள், செலவு குறைவு. அடுத்து மாணவர் ஆர்கெஸ்ட்ரா, அதன்பின் உதவிக் கண்டக்டர் தேர்வு. விண்ணப்பத்தோடு 15 முதல் 20 நிமிட வீடியோ கேட்பார்கள். அதில் கச்சேரி மட்டும் இருந்தால் போதாது, ஒத்திகையில் நின்று திருத்தும் பகுதியும் வேண்டும். தேர்வுக்குழு பார்ப்பது அதைத்தான். போட்டிகள் பலவற்றில் வயது உச்சவரம்பு 35 ஒட்டியே இருக்கிறது, ஆகவே 25 வயதுக்குள்ளாவது ஸ்கோர் படிப்பு தொடங்கியிருக்க வேண்டும். இந்தியாவில் இருப்பவர்கள் மும்பையின் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவின் ஒத்திகைகளிலும், நீங்கள் உங்கள் ஊரில் 1958-இலிருந்து இயங்கும் இலங்கை சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் ஒத்திகைகளிலும், அனுமதி கேட்டு, ஸ்கோரோடு பின்னால் உட்காரலாம்.

கேள்வி: எங்கள் பள்ளியில் பேண்டு செட் இருக்கிறது. பத்து வயலின் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். சிறு ஆர்கெஸ்ட்ராவாக ஆக்கி நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். நான் ட்ராம்போன் ஆசிரியர். முதல் ஒத்திகையை எப்படி அமைப்பது?
— ஆசிரியர், மதுரை

பத்து வயலினுக்கு எதிரே இரண்டு ஹார்ன், இரண்டு ட்ரம்பெட் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று ட்ராம்போனையும் முதல் நாளே சேர்த்தால் வயலின் காணாமல் போகும். பிள்ளைகள் மனம் வாடாமல் இருக்க ட்ராம்போன்களுக்கு அதே வாரத்தில் தனியாக ஒரு கோரல் (தேவாலயப் பாடல் போன்ற மெதுவான கூட்டிசை) கொடுங்கள். பேட்டோவனின் ஐந்தாவதிலும் பிராம்ஸின் முதலாவதிலும் ட்ராம்போன்கள் கடைசிப் பகுதி வரை காத்திருக்கின்றன என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். த்வோர்ஷாக்கின் ஒன்பதாவதில் டியூபாவுக்கு இரண்டாம் பகுதியில் மட்டும் சில ஸ்வரங்கள்தான். காத்திருப்பதும் வாசிப்பில் சேர்த்தி என்று அவர்களுக்குப் புரியும்.

சுருதி சேர்ப்பதில் கவனம் வேண்டும். பேண்டுப் பிள்ளைகள் பி-ஃபிளாட்டுக்குச் சேர்த்துப் பழகியவர்கள், வயலினுக்கு வேண்டியது ஏ. முதலில் அமைதியில் தந்திகளுக்கு ஏ கொடுங்கள், பிறகு பித்தளைக்கு பி-ஃபிளாட், கடைசியில் எல்லோருக்கும் ஒரு முறை ஏ. பித்தளைப் பிள்ளைகள் அதற்கு முன் ஐந்து நிமிடமாவது ஊதிச் சூடாக்கியிருக்க வேண்டும். குழாய்க்குள் காற்று ஒரு டிகிரி சூடானால் சுருதி சுமார் 3 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறும். சூட்டில் தந்தியோ தளர்ந்து இறங்கும். ஆகவே அரைமணி கழித்து இன்னொரு முறை சேர்க்காமல் விட்டால் இரண்டும் எதிர்த்திசையில் விலகிப் போயிருக்கும்.

90 நிமிட ஒத்திகை என்றால், முதல் 10 நிமிடம் சுருதியும் ஒரு ஸ்கேலும். அடுத்த 25 நிமிடம் கஷ்டமான எட்டு பார் ஒன்றை மட்டும். பின் 20 நிமிடம் தந்திகள் தனி அறைக்கு, பித்தளை உங்களோடு. தந்திப் பிள்ளைகளுக்கு வயலின் ஆசிரியர் இருப்பது அவசியம். திரும்பச் சேர்ந்து 25 நிமிடம். கடைசி 10 நிமிடம் தவறு வந்தாலும் நிறுத்தாமல் முழுசாக ஒரு முறை. எல்லாத் தாளிலும் பார் எண் எழுதியிருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். இல்லாவிட்டால் 'எங்கேயிருந்து சார்?' என்ற கேள்விக்கே பாதி நேரம் போய்விடும். நீண்ட மௌனத்துக்குப் பின் நுழைகிற பிள்ளையை இரண்டு பார் முன்பே கண்ணால் பாருங்கள். நுழையும் பீட்டில் பார்த்தால் மூச்செடுக்க நேரம் இருக்காது.

உங்கள் சொந்த உதட்டையும் மறந்துவிடாதீர்கள். இரண்டு வாரம் ஊதாமல் விட்டால் முதலில் போவது மேல் ஸ்வரங்களும் தாக்குப்பிடிக்கும் சக்தியும். தினம் 25 நிமிடம் வைத்துக்கொண்டால் போதும்: 10 நிமிடம் மிக மெதுவான நீண்ட ஸ்வரங்கள், 10 நிமிடம் ஸ்லைடை அசைக்காமல் உதட்டால் மட்டும் ஸ்வரம் மாற்றுவது, மீதியை ஒவ்வொன்றுக்கும் நடுவே ஓய்வாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்குக் கிளம்பும் முன் முடித்துவிடுவது நல்லது. மாலை ஒத்திகையில் மூன்றாம் ட்ராம்போன் பிள்ளைக்கு ஒரு ஸ்வரத்தை ஊதியே காட்ட வேண்டி வரும்.